தூக்க வேண்டாத வேலை

அன்புள்ள ஆர்லன்,

என் முதுகுவலி குறைந்துவிட்டது. நர்ஸ் ஏஜென்சி கொடுத்த புது வேலையில் யாரையும் தூக்க வேண்டாம், புரட்ட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, போனில் அழைப்பவர்களுக்கு மருத்துவ ஆலோசனை சொன்னால் போதும்.

மொன்டானா மருத்துவமனை வேலையை விட்டுப் பாதியிலேயே ஏன் கிளம்பினாய் என்று கேட்டாய். முதுகுவலி என்றேன். அது பொய்யில்லை.

நேற்று ஒரு முதியவர் அழைத்தார். மனைவி குளியலறையில் விழுந்து கிடந்தாள்.

"தூக்காதீங்க. ஆம்புலன்ஸ் வந்துகிட்டிருக்கு. பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்குங்க."

"ஏற்கெனவே தூக்கிப் பாத்துட்டேன் சிஸ்டர். கையிலேர்ந்து நழுவிட்டா. அப்பதான் மண்டையில அடிபட்டுச்சு." அழத் தொடங்கினார். "உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

"புரியும். நானும் ஒருத்தங்களைக் கீழ விட்டிருக்கேன்."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

மொன்டானாவில் நான் கீழே விட்டது திருமதி ட்வீட் என்ற நோயாளியை. எண்பத்திரண்டு வயது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. துணைக்கு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அவராகவே இறங்க முயன்று விழுந்ததாக அறிக்கையில் எழுதினேன்.

இங்கே எல்லா அழைப்பும் பதிவாகிறது. மேலாளர் இன்று அந்த முதியவரின் அழைப்பைக் கேட்டுவிட்டு, "யாரைக் கீழ விட்டீங்க?" என்றாள். அறிக்கை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை விசாரணை. என் நர்ஸ் உரிமம் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன்.

நீ இதைப் பிறர் சொல்லிக் கேட்கக் கூடாது. மாலையில் உன்னை அழைத்தது இதற்காகத்தான். உன் குரலைக் கேட்டதும் இங்கே பெய்யும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

உன் மனைவி