கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

2025 ஜூன் 1, ஞாயிறு

இன்றைக்கும் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. பிரிக்பீல்ட்ஸ் சபையின் பின்பக்கம், கண்ணாடி போட்ட குழந்தைகள் அறை. போதகரின் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கைக்குழந்தைக்காரிகளுக்குப் பிரசங்கம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல.

திருவிருந்துக்கு, ரொட்டியும் ரசமும் வாங்க, எங்கள் பந்தியின் முறை வந்ததும் குணபூசணி ஆன்டி வழக்கம்போல் கை நீட்டினார். "குடும்மா. நீ போய்ட்டு வா." என் மகன் ஜெய்டனைக் கொடுத்தேன். குறைமாதத்தில் பிறந்தவன், மாமியாரிடம் கொடுக்கவே எனக்குப் பயம். ஆன்டியிடம் மட்டும் பயமில்லை. கிள்ளானிலிருந்து தனியாக ரயிலில் வருகிற, இங்கே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மனுஷி.

ஜூன் 10

அந்த அறையை எடுக்கப்போகிறார்களாம். லைவ் கேமரா வைக்க. கண்ணாடி இருப்பதால் வசதியாம். சொன்னது யார்? என் புருஷன். யுகேந்திரன்தான் மீடியா டீம் தலைவர்.

"அப்போ நாங்க எங்க உக்கார்றது?"

"வீட்டுல இருந்தே லைவ்ல பார்க்கலாம் லா."

"குணபூசணி ஆன்டி?"

"எந்த ஆன்டி?"

எந்த ஆன்டியாம்!

ஜூன் 11

சோறு போட்டேன். பேசவில்லை.

ஜூன் 22

சபைச் செயலாளர் ஜெயந்திரன் அங்கிளை வாசலில் பிடித்துக் கேட்டேன். "ஊழியம் வளரணும்மா. வெளிநாட்டுல இருந்தெல்லாம் லைவ் பார்க்கிறாங்க." ஆன்டி செய்கிறது ஊழியம் இல்லையா என்றேன். "அவங்க சும்மா உக்காந்து பிள்ளைங்கள பார்த்துக்கிறாங்க." சிரிப்பு வேறு.

சும்மாவாம். வீறிடுகிற பிள்ளைகளோடு அவரை ஒருநாள் உள்ளே போட்டுப் பூட்டணும். கர்த்தாவே, இந்த நினைப்போடு எப்படி ஜெபம் பண்றது?

ஜூலை 6, ஞாயிறு



நாங்கள் ஒவ்வொருத்தியும் பந்திக்குப் போய்வருகிறோம். ஆன்டி எப்போது போகிறார்? இன்றைக்குக் கேட்டேன். "பிள்ளைங்கள யாருகிட்ட குடுக்கிறது?" என்றார், சாதாரணமாக. அப்படியென்றால் — வருஷக்கணக்காக அவர் திருவிருந்து எடுத்ததே இல்லை!

"இன்னிக்கு நான் இருக்கேன். நீங்க போங்க ஆன்டி." பிடிவாதம் பிடித்துக் கடைசிப் பந்திக்கு அனுப்பினேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிருந்து எடுத்துவிட்டுத் திரும்பும்போது, வரவேற்புக் குழுவில் இருக்கிற ஷாமினி, அந்தச் சின்னப் பெண், ஆன்டியை நிறுத்தினாள். புடவையின் தோளில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். அது புதிதாக வந்தவர்களுக்கு ஒட்டுவது.

ஆராதனை முடிகிற நேரம் புதியவர்களை எழுப்பிக் கைதட்டுவது எங்கள் வழக்கம். ஆன்டியையும் எழுப்பினார்கள். போதகர் மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு? சபை முழுக்கக் கைதட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கைகள் அடித்துக்கொள்வது மட்டும் தெரிந்தது. மடியில் ஜெய்டனும் தோளில் அறையிலிருந்த இன்னொரு தாய் குமுதாவின் மகளும் இல்லாவிட்டால் கதவைத் திறந்து கத்தியிருப்பேன்.

ஆன்டி திரும்பி வந்தார், கையில் வரவேற்புப் பரிசு. "பாரும்மா, இத்தனை வருஷத்துக்கு ஒரு கப்பு கெடச்சிருக்கு." சிரிக்கிறார்! அவர்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"நான் புதுசு இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அந்தப் பொண்ணு ஆசையா ஒட்டுச்சு. பிச்சுப் போட்டா முகம் வாடிடும்." பிறகு ஜெய்டனை வாங்கிக்கொண்டே, "திருவிருந்து எடுத்துட்டேன்ல" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

ஜூலை 7

யுகேந்திரன் நேற்றைய பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதியவர்களின் முகத்தைக் கேமரா கிட்டத்தில் காட்டும். திரை நிறைய ஆன்டி.

"இதுதான் அந்த ஆன்டி."

படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தார். யாரென்று கேட்கத் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். மாமியார் போட்ட சத்தம் அடுக்களைவரை கேட்டது. "குணபூசணியா? டேய், சின்னதுல சபையில உன்னை யாரு தூக்கி வெச்சிருந்தாங்கன்னு நெனச்சே? அவங்க சங்கிலியப் புடிச்சு இழுத்து அறுத்தவன்டா நீ!"

எனக்குச் சந்தோஷமா? இல்லை. தன்னைத் தூக்கியவர் என்று தெரிந்தால்தான் கண் தெரியுமா இந்த ஆம்பளைகளுக்கு?

ஜூலை 20

கேமராவை மாடியில் வைக்கலாம் என்று யுகேந்திரன் கமிட்டியில் சொன்னாராம். "பார்க்கலாம்" என்றாராம் ஜெயந்திரன் அங்கிள். அவர் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஸ்பீக்கர் இன்னும் ஊமைதான்.

பந்தி தொடங்கியதும் கதவு திறந்தது. யுகேந்திரன், கழுத்தில் ஹெட்போனோடு. "குடு" என்று ஜெய்டனை வாங்கினார். ஆன்டி கையிலிருந்த பிள்ளைக்கும் மற்றக் கையை நீட்டினார். "நீங்க ரெண்டு பேரும் போங்க ஆன்டி."

"கேமரா, தம்பி?"

"அது பாட்டுக்கு ஓடும்."

பந்தியில் ஆன்டி என் பக்கத்தில் முழங்கால்படியிட்டார். ரொட்டிக்கு இரண்டு கைகளையும் நீட்டினார், குழந்தையை வாங்குகிற மாதிரியே.

கேமரா ஓடியது. ஆனால் பிடிக்க ஆளில்லாமல் மேலே சாய்ந்து, திருவிருந்து முழுக்க லைவில் கூரை மின்விசிறிதான் தெரிந்ததாம். ஜெயந்திரன் அங்கிள் வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: கேமராவை விட்டுவிட்டு யுகேந்திரன் எங்கே போனார்?

இவர் இப்போதுதான் பதில் போட்டார்.

"ஊழியத்தில் இருந்தேன் அங்கிள்."