பால் பொங்கும்போது போட்ட பாட்டு

போன சனிக்கிழமை மகனோடு நூடுல்ஸ் சாப்பிடப் போன கடையில் உன் பாட்டைப் போட்டுவிட்டார்கள். நாம் இந்த நாட்டுக்கு வந்து ரிச்சர்ட்சனில் படித்த காலத்தில் டயர் கடை இருந்ததே, அந்த வரிசையில் இப்போது ஒரு ஜப்பானியக் கடை வந்திருக்கிறது. காளான் சூப்பில் ஒரு வாய்தான் வைத்தேன், கூரையில் இருந்த ஸ்பீக்கரில் அந்தக் கிடார் தொடங்கியது. அடுத்த நொடி நான் பாடிக்கொண்டிருந்தேன். முணுமுணுப்பெல்லாம் இல்லை, முழுத் தொண்டை. ஒரு வரி விடாமல், ஒரு வார்த்தையும் புரியாமல். பரிமாற வந்த பெண் பூரித்துப்போய் ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டிவைத்தேன். இன்னொரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்தாள். மகன் மெனு கார்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, ப்ளீஸ் ஸ்டாப்" என்றான். அவனிடம் உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், முடியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உன் பைத்தியம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். லேபில் உன் பக்கத்து மேசைக்காரன் பதிந்து கொடுத்த ஒரு சிடி. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் வந்த ஜப்பானிய ராக் பாட்டுகள். மேலே மார்க்கர் பேனாவால் ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருந்தான், அவ்வளவுதான். பாட்டின் பெயரும் கிடையாது, பாடியவன் பெயரும் கிடையாது. நம் அபார்ட்மென்ட்டில் இருந்த நான்கு பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய கார், லைசென்ஸ் உனக்கு மட்டும். கார் ஓட்டுகிறவர்தான் பாட்டுப் போட வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டதும் நீதான்.

அந்தப் பாட்டுகளின் லட்சணம் உனக்கு நினைவிருக்கும். முதலில் ஒரு கிடார் தயங்கித் தயங்கி வரும். பிறகு பாடுகிறவன் தூக்கத்தில் பேசுகிற மாதிரி ஏதோ சொல்வான். பாவம், நல்ல பையன் என்று நாம் அசந்திருக்கிற நேரம் பார்த்து டிரம்ஸ்காரன் சமையலறை அலமாரியையே கவிழ்ப்பான். அதற்குமேல் நல்ல பையன் போடும் கூச்சலில் கார்க் கண்ணாடி அதிரும். பருப்பு வாங்கப் போனாலும் இதுதான், கோவிலுக்குப் போனாலும் இதுதான். கோவில் பார்க்கிங்கில் நீ காரை நிறுத்தினால், தொன்னையில் சுண்டலோடு நிற்கிற அங்கிள்கள் இரண்டடி நகர்ந்து நிற்பார்கள்.

"ஒரு தமிழ்ப் பாட்டுப் போட்டா என்னடி?" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"தமிழ்ப் பாட்டுன்னா ஒவ்வொண்ணுக்கும் ஏதாவதொரு அத்தை கல்யாணம் ஞாபகம் வரும்டி. இதுல யாரும் இல்ல. நம்ம இஷ்டத்துக்கு அழுதுக்கலாம்" என்றாய்.

அழவும் செய்தாய். வேலை கிடைக்காத வருஷம் அது. சிக்னலில் நிற்கும்போது டிரம்ஸுக்கு நடுவே நீ மூக்கை உறிஞ்சுவாய். பாட்டுக்காக அழுகிறாயா, உனக்காக அழுகிறாயா என்று எங்களுக்குத் தெரியாது. டிஷ்யூவை மட்டும் பின்சீட்டிலிருந்து நீட்டுவோம்.

எல்லாவற்றிலும் உனக்கு உசத்தி நாலாவது பாட்டு. ஃப்ரீவேயிலிருந்து நம் தெருப் பக்கம் இறங்கும்போது அதைத்தான் போடுவாய். "இது ஊட்டுக்குப் போற பாட்டுடி" என்று நீயாகவே முடிவு செய்திருந்தாய். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "ராகத்துலயே தெரியுதல்ல" என்றாய். ஈரோட்டுக்காரியிடம் வாதம் செய்து ஜெயித்தவர்கள் யார்? நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

அதே தைரியத்தில்தானே கிரகப்பிரவேசத்துக்கும் அதைப் போட்டாய். உன் வீட்டுக்காரரும் நீயும் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. புகை அலாரத்தை ஈரத் துண்டால் மூடிவிட்டு, எலெக்ட்ரிக் அடுப்பில் பாலை வைத்து எல்லோரும் காத்திருந்தோம். ஐயர் இன்னொரு கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டிய அவசரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாதஸ்வரம் ஏதாவது போடப்படாதோ?" என்றார்.

"இதுதானுங்க சாமி எங்க நாதஸ்வரம்" என்று நீ பட்டனை அமுக்கினாய்.

பால் பொங்கவும் டிரம்ஸ் விழவும் சரியாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், ஒருவரைத் தவிர. உன் வீட்டுக்காரரின் ஆபீஸிலிருந்து வந்த ஜப்பானியர், இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி வெலவெலத்து நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டேன். அவர் பாலைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், பிறகு மன்னிப்புக் கேட்கிற குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவன் வீட்டைக் காலி செய்கிறானாம். சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, இனி இந்த வாசலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் போகிறானாம்.

ஐயர் மெதுவாக, "இன்னொரு தேங்காய் இருக்கா?" என்றார். உன் வீட்டுக்காரர் முகத்தில் முப்பது வருஷக் கடன் மொத்தமும் தெரிந்தது. நீ மட்டும் அசையவில்லை.

"அவன் காலி பண்ணட்டும். அவன் போனாத்தானே நாம குடி வர முடியும்?" என்றாய்.

உன் வீட்டுக்காரர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் முதலில் சிரித்தவர் அந்த ஜப்பானியர்தான். சர்க்கரைப் பொங்கலை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கூத்தைப் பார்க்க உன் அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை, விசா அடுத்த வருஷம்தான் கிடைத்தது. வந்த புதிதில் நம்மோடு காரில் ஏறினால் காதைப் பொத்திக்கொள்வார். "ஏங்கண்ணு, அந்தப் பையனுக்கு வயித்து வலியா?" என்பார். நீ சத்தத்தைக் கூட்டுவாய். பிறகு வருஷத்துக்கு ஆறு மாதம் உன்னோடு இருந்து, அம்மாவும் பழகிப்போனார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ கீமோவுக்குப் போய்வந்த நாட்களில் நான்தான் கார் ஓட்டினேன். சட்டப்படி பாட்டு என் விருப்பம், ஆனால் நீ விட்டால்தானே. அப்படி ஒரு மத்தியானம் நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னாய்: "எல்லாம் முடிஞ்ச பொறவு ஹால்ல கூட்டம் போடுவீங்கல்ல, அங்க இதைப் போட்டுரு. இப்பத்தான்டி இதுக்கு அர்த்தம் சரியா வருது." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்கு வந்த கோபத்தில் எக்ஸிட்டைத் தவறவிட்டேன். சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் என்னைச் சரி என்று சொல்லவைத்துவிட்டாய்.

சொல்லிவிட்டு நீ போய்விட்டாய், மாட்டிக்கொண்டது நான். அஞ்சலிக் கூட்டத்தை ஒரு ஆன்ட்டி பொறுப்பாக எடுத்து நடத்தினார். வரிசையாகப் பக்திப் பாட்டுகள். நான் போய்க் கேட்டதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜப்பான் பாட்டாம்மா? அவ அம்மா முன் வரிசையில உக்காந்திருக்காங்க. பார்த்து டிசைட் பண்ணு."

அதுதான் என் பயமும். நீ போனதிலிருந்து அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளை வழியனுப்ப வந்த இடத்தில் இந்தக் கூச்சலைப் போட்டு, அவர் மனம் நொந்துபோனால் நான் என்ன செய்வேன்? போடாவிட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன்? கடைசியில் பட்டனை அமுக்கினேன்.

கிடார் வந்தவரை ஒன்றுமில்லை, ஏதோ தியான இசை என்று சிலர் கண்ணைக்கூட மூடினார்கள். டிரம்ஸ் விழுந்ததும் ஒரு அங்கிள் ஸ்பீக்கர் வெடித்துவிட்டதென்று ஒயரைப் பிடுங்க ஓடினார். அப்போது அம்மா எழுந்தார்.

"நிறுத்தீராதீங்க தம்பி. இந்தச் சத்தம் தெருமுனையில கேட்டாத்தான், புள்ள வந்துருச்சுன்னு நான் தோசைக்கல்ல அடுப்புல வெப்பேன்."

சொல்லிவிட்டு ஹால் வாசல் பக்கம் திரும்பி நின்றார். பாட்டு முடிகிறவரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். அன்றைக்குத்தான் நான் நன்றாக அழுதேன்.

அம்மா இப்போது ஈரோட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்கிறார். நலம் விசாரித்து முடித்ததும், "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் போடு கண்ணு" என்பார். நான் காருக்குள் போய் உட்கார்ந்து நாலாவது பாட்டைப் போட்டு, போனை ஸ்பீக்கர் பக்கம் பிடிப்பேன். முழுவதும் கேட்பார். போன வாரம் பாட்டு முடிந்த பிறகும் அம்மா போனை வைக்கவில்லை.

"ஏங்கண்ணு, இத்தனை வருஷமாக் கேக்கறேன். அந்தப் பையன் என்னதான் சொல்லிப் பாடறான்?"

ஜப்பானியர் சொன்னதெல்லாம் தொண்டைவரை வந்தது.

"வந்துட்டேன், தோசை ஊத்துங்கன்னு பாடறாரும்மா" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார் உன் அம்மா.