எட்டு அடி நடப்பவள்

மார்ச் 4, செவ்வாய்
எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாததால்தான் நர்ஸ் வருவது நின்றுபோனது என்று மாடி வீட்டுக்காரி சொல்லித் திரிகிறாள். தவறு. முப்பத்தோரு வருடம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். போன வாரம் அந்த இணையப் படிவத்தை ஒன்பதே நிமிடத்தில், ஒரு பிழையில்லாமல் நிரப்பினேன்.

நாத்தனாரின் காலில் ஆறாத சர்க்கரைப் புண். வாரம் இரு முறை நர்ஸ் வந்து கட்டு மாற்றுவாள். அந்தச் சேவையை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். காகிதப் படிவத்தில், 'நடக்க முடியுமா?' என்பதற்கு நேராக, 'சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி' என்று எழுதுவேன். இப்போது ஆம், இல்லை, இரண்டே கட்டம்.

நாத்தனார் கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "இல்லைன்னு போடுங்க அண்ணி. பொய் வராதுன்னா நகருங்க, நான் தட்டறேன்."

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். எட்டு அடி நடப்பவளை நடக்காதவள் என்று எழுத மாட்டேன். 'ஆம்' கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: வீட்டுச் சேவை தேவையில்லை, மருத்துவமனைக்கு வரவும்.

மார்ச் 6
சுகாதார அலுவலகம் போனேன். குமாஸ்தா திரையை என் பக்கம் திருப்பினான். "ஆம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? தொண்ணூறு நாள் கழிச்சுதான் மாத்தலாம்." எழுதித் தருகிறேன் என்றேன். காகிதம் வாங்குவதில்லையாம். எல்லாம் வேகமாகிவிட்டதாம்.

மார்ச் 13
மருத்துவமனை வரிசையில் நான்கு மணி நேரம். சக்கர நாற்காலி கேட்டேன். பதிவில் நடப்பவர் என்று இருக்கிறதே என்றார்கள். நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க புண்ணியத்துல நல்லா நடக்கறேன் அண்ணி" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள்.

மார்ச் 25
புண்ணின் கட்டுத் துணியில் நாற்றம். நானே மாற்றினேன். ஒரே ஒரு தட்டு — இல்லைன்னு தட்டியிருந்தா எனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?

ஏப்ரல் 3
அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 21
அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் புதுப் படிவம். அதே கேள்வி. என் கையைத் தள்ளிவிட்டு, 'இல்லை'யை அவளே தட்டினாள்.

"இப்ப பொய் இல்லையே, அண்ணி?"

உடனே அனுமதி. நாளை மறுநாள் முதல் நர்ஸ். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. அதை மட்டும் வெறுமையாக விட்டேன்.

சுகாதார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

ஐயா, சுவரைப் பிடித்து எட்டு அடி நடந்த ஒருத்தியை நான் எந்தக் கட்டத்தில் குறித்திருக்க வேண்டும்? காகிதத்தில், கையொப்பத்துடன் பதில் தரவும்.