அறுநூறு ஆடுகளின் ஆண்டறிக்கை

தாஷ்-பெல்
ஜனவரி 14, இரவு

அன்புள்ள சல்தனத் அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அறைத் தோழியிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் அறையில் அடுப்பு கிடையாது, மறந்துவிட்டேன். அப்படியானால் பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் விடு.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஒரே அறையில் மூன்று பேர் படுக்கிறோம், எங்கே பேசுவது? அப்பா குறட்டை விடும்வரை காத்திருந்து அடுப்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். டாக்ஸி ஓட்டும் தோல்கொன் அண்ணனிடம் உனக்குக் குருத் கொடுத்தனுப்புவோமே, அந்தப் பையில் தயிர் உருண்டைகளுக்கு அடியில் இது இருக்கும்.

போன வாரம் நீ அப்பாவிடம் பேசியது எனக்கும் கேட்டது. வங்கியின் ஆண்டறிக்கையை இந்த வருடம் நீதான் எழுதுகிறாய். நம் ஊருக்கு ஒரு முழுப் பக்கம். பத்து வீடு, அறுநூறு ஆடு, ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆட்டுக்குட்டியோடு என் படமும் வரும். அப்பா "நல்லதும்மா, நல்லதும்மா" என்றார். போனை வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா, அறுநூறு இல்லை. அறுபதுதான்.

போன குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து கண்ணாடியாக இறுகியதே, அதில் கொஞ்சம் போயிற்று என்று அப்பா உன்னிடம் சொன்னார். கொஞ்சம் இல்லை. நமக்கு மிச்சம் இரண்டு. மற்ற வீடுகளிலும் அப்படித்தான். மலைக்கு அந்தப்புறம் மேய்த்துக்கொண்டிருந்த கெரிம்பெக் மாமாவின் மந்தை மட்டும் பிழைத்தது. புதுக் கடன் வாங்கிப் பழைய தவணையைக் கட்டுகிறோம். பத்து வீடும் ஒன்றுக்கொன்று ஜாமீன். ஆடு இல்லை என்று தெரிந்தால் பத்து வீட்டையும் எடுத்துக்கொள்வார்களாம்.

டிசம்பரில் உங்கள் கிளையிலிருந்து அஸ்கத் அண்ணன் எண்ண வந்தார். வங்கிக்காரராக இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே. மூன்று கிண்ணம் டீயும் கறியும் இல்லாமல் எந்த வீட்டிலும் எழ விடமாட்டார்கள். அவர் ஒரு வீட்டில் எண்ணி முடித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் கெரிம்பெக் மாமா அதே மந்தையைப் பின்பக்கமாக அடுத்த வீட்டுக்கு ஓட்டினார். வீட்டுக்கு வீடு ஆட்டின் அடையாளச் சாயம் வேறாக இருக்க வேண்டுமே, அங்கே நானும் ஜுமாகான் அத்தையும் சாயத்தோடு நின்றோம். மஞ்சளில் தொடங்கிக் கறுப்பில் முடித்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசலாம் என்று சொன்னது நான்தான். ஐந்து நிறம். முதுகில் ஒரு சுற்று, பின்தொடையில் ஒரு சுற்று. பத்து வீடும் ஆயிற்று. இரண்டு நாள் பிடித்தது.

எட்டாவது வீட்டில் அஸ்கத் அண்ணன் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்: "என்ன மாமா, உங்க ஊரு ஆடெல்லாம் ஒரே சாடையா இருக்கு? எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்களா?"

"ஒரே மலைப் புல்லு, ஒரே தண்ணி. சாடை எப்படி மாறும்?" என்றார் கெரிம்பெக் மாமா.

"இன்னும் எத்தனை வீடு?"

"ரெண்டு."

"ஐயோ, வெறும் டீ குடுக்கச் சொல்லுங்க. கறி போட்டா செத்துருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவருக்குப் பின்னால் சாய டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா உத்தரவு. "தெரியலைன்னா அவ பொய் சொல்ல வேண்டியதில்லை"ன்னு அம்மாவிடம் சொன்னார். ஆனால் அறிக்கையில் உன் பெயர் வருமே அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
பெர்மெட்

*

பிஷ்கெக்
ஜனவரி 30

அன்புள்ள பெர்மெட்,

குருத் கிடைத்தது. அதன் அடியில் இருந்ததும் கிடைத்தது. கிழித்துவிட்டேன். இனி எதையும் எழுதாதே. எழுத்தில் வந்தால் எனக்குத் தெரியும் என்றாகிவிடும்.

கோபம் இல்லை, களைப்புதான். இரவு ஒன்பதுக்குத்தான் அலுவலகத்தை விட்டு வருகிறேன். நாற்பத்திரண்டு பக்கம். பங்குதாரர், வாடிக்கையாளர், ஊழியர் எல்லோரும் கைகோத்து வளர்ந்தோம் என்று ஆறு விதமாக எழுதிவிட்டேன், ஏழாவது விதம் கேட்கிறார்கள். வளர்ச்சிப் படத்தில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். ஒரு கட்டம் குட்டையாக வந்தால் என் மேலதிகாரி முகம் செத்துப்போகிறது.

நீ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அறுநூறு ஆடு இருக்கிற ஊர் போன வருடம் விற்ற கம்பளி ஏழு மூட்டை. அந்தத் தாளை அக்டோபரிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு அடியில் வைத்துவிட்டேன். மூன்று வருடம் முன்பு நம் ஊருக்குக் கடன் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான்தானே.

எங்கள் பிரிவில் குல்பாரா என்று ஓர் அக்கா இருந்தாள். இல்லாத கிடங்கை இருக்கிறது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன்பே விஷயம் வெளியே தெரிந்திருந்தால் வேலையோடு போயிருக்கும். போட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. இரண்டு வருடமாக ஜெயிலில் இருக்கிறாள். அவளுடைய பையனை அவள் தங்கை வளர்க்கிறாள்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. நீ பாடத்தைப் படி. அம்மாவுக்குக் கால்வலி மருந்து வைத்திருக்கிறேன்.

சல்தனத்

*

தாஷ்-பெல்
பிப்ரவரி 12, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஆட்டைப் பற்றி இல்லை. கொஞ்சம்தான் ஆட்டைப் பற்றி.

என் நகக்கண்ணில் கறுப்புச் சாயம் இன்னும் போகவில்லை. டீச்சர் வகுப்பில் என் கையைத் தூக்கிப் பிடித்து, "மகாராணி நகப்பூச்சு போட்டிருக்காங்க"ன்னு எல்லோருக்கும் காட்டினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது என்ன சாயம் என்று தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன், சட்டென்று கையை விட்டுவிட்டார்.

அப்பாவிடம் ஒன்று கேட்டேன். நிறத்தை மாற்றுகிறோம், காதில் வெட்டிய அடையாளத்தை என்ன செய்வது? கெரிம்பெக் மாமாவின் ஆட்டுக்கெல்லாம் இடது காது நுனி தூக்கணாங்குருவி வால் மாதிரி இரண்டாகப் பிளந்திருக்குமே. நம்முடையதற்கு வலது காதில் ஒற்றைக் கீறல்தானே. அப்பா சொன்னார், "காதெல்லாம் எவன் பாக்கப்போறான்? வாலைத் தூக்கி இதுதான் தலைன்னு சொன்னாலும் எழுதிக்குவானுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "போய்ப் படும்மா, அசதியா இருக்கு" என்றார். மத்தியானம் இரண்டு மணி அப்போது.

நீ எப்போது வருவாய்? போன தடவை நீ வந்தது நினைவிருக்கிறதா? நம் ஊரில் எல்லோரும் இருமிக்கொண்டே உள்ளே வருவார்கள். நீ மட்டும் வெளியில் நின்று தட்டினாய். டக் டக். நிறுத்தி, டக். அப்பா படுக்கையிலிருந்தே, "சொந்த வீட்டுக் கதவைத் தட்டுறா பாரு, பட்டணத்துக்காரி!" என்று கத்தினார். ஆனால் அவர்தான் ஓடிவந்து திறந்தார்.

குல்பாரா அக்காவின் பையனுக்கு என்ன வயது?

உன்
பெர்மெட்

*

பிஷ்கெக்
மார்ச் 2

அன்புள்ள பெர்மெட்,

அவனுக்கு ஐந்து வயது.

தோல்கொன் உன் கையில் மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். கவனமாகப் படி.

பங்குதாரர் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் எங்கள் வங்கித் தலைவர் ஷெய்ஷென் ஐயா முன்மாதிரி ஊரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். முன்மாதிரி ஊர் நாம்தான். பன்னிரண்டாம் தேதி வருகிறோம். அவர், இரண்டு வெளிநாட்டுப் பங்குதாரர்கள், அஸ்கத், நான். விருந்து நம் வீட்டில். ஒரு தொழுவத்தைக் காட்டினால் போதும், பத்தையும் பார்க்க நேரம் இருக்காது. அன்று சாயங்காலமே நரின் கிளை அலுவலகத்தில், அறிக்கையில் நம் ஊரைப் பற்றிய பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். மறுநாள் அச்சுக்குப் போகிறது.

உன்னைக் கட்டாயம் ஏதாவது கேட்பார்கள். படத்தில் இருக்கிற பெண் ஆயிற்றே. யார் ஆடு என்று கேட்டால் "எங்களோடது". ஒரே ஒரு சொல். மேலே ஒன்றும் பேச வேண்டாம், சிரித்தால் போதும்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் இந்த வயதில் எங்கே போவார்கள்?

சல்தனத்

*

தாஷ்-பெல்
மார்ச் 21, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதையும் யாரிடமும் காட்டாதே. காட்டினாலும் இனி ஒன்றுமில்லை என்று தெரியும். பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஒன்பது நாளாகிறது. நீ போனை எடுக்கவில்லை. தோல்கொன் அண்ணனிடம் கேட்டால், உன் அறையில் வேறு யாரோ கதவைத் திறந்தார்கள் என்கிறார். கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

அன்று நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் வருவதற்கு முன், தலை கொப்பரையில் வெந்துகொண்டிருந்தபோதுதான் அப்பாவுக்கு உறைத்தது. நம் இரண்டு ஆடும் எலும்பும் தோலுமாக இருந்ததால் கெரிம்பெக் மாமாவின் ஆட்டைத்தான் அறுத்திருந்தோம். பெரிய விருந்தாளிக்குத்தானே தலை போகும்.

"காதை அறுத்து எடுத்துருவோமா?" என்றாள் அம்மா.

"காது இல்லாத தலையை விருந்தாளி முன்னாடி வைக்கிறதுக்கு என் தலையை வைக்கலாம்டி" என்றார் அப்பா. கையைத் துடைத்துக்கொண்டு, "பட்டணத்து ஆளு. கோட்டு போட்டிருப்பான். தெரியாது" என்றார். பிறகு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றார்.

மற்றது உனக்குத் தெரியும். ஆனால் நீ தலை நிமிராமல் டீக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் எழுதுகிறேன். ஷெய்ஷென் ஐயா கத்தியை எடுத்துக் கன்னத்துச் சதையைச் சீவி வெளிநாட்டவருக்கு வைத்தார். இடது காதை அறுத்தார். வீட்டில் சின்னப் பிள்ளை யார் என்று கேட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கொடுக்கப் போனவர் கொடுக்கவில்லை. கட்டைவிரலால் நுனியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது யாரு வெட்டும்மா?" என்றார்.

கெரிம்பெக் மாமா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

அக்கா, அந்த ஒரே சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பத்து நாளாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். அப்போது உன் மடியில் இருந்த பையைப் பார்த்தேன். அதற்குள் தாள் இருந்தது, சாயங்காலம் நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள். எனக்கு வீடு நினைவுக்கு வரவில்லை. குல்பாரா அக்காவின் பையன்தான் நினைவுக்கு வந்தான், முகம்கூடத் தெரியாது. போடுவதற்கு முன்னால் தெரிந்தால் வேலையோடு போகும் என்று நீதானே எழுதினாய்.

"கெரிம்பெக் மாமாவோடது" என்றேன்.

ஐயா காதைத் தட்டில் வைத்தார். "பன்னெண்டு வயசு வரைக்கும் நானும் ஆடு மேய்ச்சவன்தான்" என்றார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "மத்ததோட காதையும் பாக்கலாங்களா?"

நீ அறையிலேயே இருந்துவிட்டாய். நான் பின்னால் போனேன். தொழுவத்தில் கோட்டோடு முழங்கால் போட்டு ஒவ்வொரு காதாகத் தொட்டார். ஒரு ஆட்டின் முதுகுக் கம்பளியை விரலால் பிரித்தார். கறுப்பு, அடியில் நீலம், அடியில் சிவப்பு. "யாரு பூசினது? நல்லாத்தான் பூசியிருக்காங்க" என்றார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"போன வருஷமே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பாவிடம்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

ஐயா எழுந்து முழங்காலில் ஒட்டிய சாணியைத் தட்டினார். "தெரியலைங்க" என்றார். அவருக்கும் ரொம்ப அசதியாக இருந்த மாதிரி இருந்தது. உள்ளே வந்து மிச்ச டீயைக் குடித்தார். கை விரித்து வீட்டுக்கு ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். நீயும் தடவிக்கொண்டாய். என்னைப் பார்க்காமல் காரில் ஏறினாய்.

கெரிம்பெக் மாமா மறுநாளே மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஜுமாகான் அத்தை கிணற்றடியில், "உங்க வீட்டு வாய்க்குப் பத்து வீட்டுச் சாவியும் போச்சுடி" என்றாள். திட்டிவிட்டு என் வாளியையும் அவளே தூக்கி வந்து வைத்தாள். நேற்று அஸ்கத் அண்ணன் வந்து ஒரு தாள் கொடுத்தார். ஜூன் வரைக்கும் யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டாம், அதற்குள் தலைமையகம் முடிவு சொல்லும் என்று இருக்கிறது. என்ன முடிவு என்று கேட்டால், எனக்கே வேலை இருக்கா இல்லையான்னு தெரியல பாப்பா, என்கிறார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவங்க அந்தத் தாள்ல கையெழுத்துப் போடல" என்றார்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. அடிக்கவும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். உப்பு வேண்டும் என்றால் அம்மாவிடம் கேட்கிறார், உப்பு என் பக்கத்தில் இருக்கும்.

நீயும் அப்படித்தானா அக்கா? வேலை போனதற்கு என்னைத் திட்டி ஒரு வரி எழுதினாலும் போதும். நீ எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று மட்டும்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

டக் டக். நிறுத்தி, டக்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இருட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்