ஏறி வந்த கல்

1907 மார்ச் 4, பதுளை

விடியற்காலையிலிருந்து மழை. கல் ஆராயும் துரையின் அலுவலகத்தில் நாள் முழுவதும் கல் தேய்த்தேன். கை எரிகிறது. வயிறு அதைவிட எரிகிறது.

குமாஸ்தா தர்மலிங்கம் இன்று என் யோசனையைத் தன்னுடையதென்று துரையிடம் சொன்னான். என் கண் முன்னாலேயே!

மடுல்சீமை மலையில் எடுத்த கல்லிலுள்ள சிவப்பு மணிகள் பல மைல் ஆழத்தில், பெரும் பாரத்தின் கீழ் பிறந்தவை. மேலிருந்த மலை கரையக் கரைய அடியில் கிடந்தது எழும்பி வந்தது. பாரம் குறைந்தபோது மணியின் ஓரம் வேறொன்றாக மாறியது. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் தெரியும் கறுத்த வளையம் அந்த ஏற்றத்தின் தழும்பு. போன மாதம் கல் எடுக்கப் போன முகாமில் சோறு தின்றுகொண்டே நான் இவனுக்குச் சொன்னது இது.

துரை எழுந்து அவன் கையைக் குலுக்கினார்.

மார்ச் 5

கேட்டேன். சிரிக்கிறான்.

"அண்ணே, நீங்க கல்லு தேய்க்கிறவரு. நீங்க சொன்னா யாரு கேப்பா?"

இவனுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் நான். இருக்கட்டும்.

மார்ச் 11

துணிக்கடை றஹீம் கடைவாசலில் நின்று கூப்பிட்டார். "என்ன கந்தப்பன், ஒங்க தர்மலிங்கம் கல்லுக்கெல்லாம் ஜாதகம் எழுதுறாராமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 14

கொழும்பிலிருந்து இரண்டு துரைமார் வருகிறார்கள். தர்மலிங்கம் மடுல்சீமைக் கற்களைக் காட்டி விளக்கப்போகிறான். தேய்த்து மெருகேற்றினால்தான் வளையம் தெரியும். மெருகேற்றுவது யார்? நான்.

பக்கத்து ஊரான லுணுகலையின் கல்லிலும் சிவப்பு மணி உண்டு. பார்வைக்கு அதே கல். வளையம் மட்டும் கிடையாது. ஏன் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 15

மாற்றிவிட்டேன்.

மார்ச் 18

கொழும்புத் துரைமார் முன்னால், "வளையம் எங்கே?" என்றார் எங்கள் துரை. தர்மலிங்கம் கல்லைத் திருப்பினான், நனைத்தான், மறுபடி திருப்பினான். வேர்த்துக் கொட்டியது. ஆகா — அந்த முகத்தைப் பார்க்கத்தானே காத்திருந்தேன்!

அப்போது இங்கிலீஷ் மறந்து தமிழில் உளறினான்: "துரை, இது என் யோசனையே இல்லீங்க. கந்தப்பண்ணனோடது. அவருதான் கண்டுபிடிச்சாரு."

துரைக்கு அவ்வளவு தமிழ் புரியும். என் பக்கம் திரும்பினார்.

"உன்னுடையதா, கந்தப்பன்?"

மேசைமேல் வளையமில்லாத கற்கள். என்னத்தச் சொல்றது? மாத்தி வச்சது நான்தான்னா?

"இல்லை, துரை" என்றேன்.

ஏப்ரல் 2

தர்மலிங்கத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவன் நாற்காலி எனக்கு. முதல் வேலை, துரையின் அறிக்கையைப் பிரதி எடுப்பது. வளையம் இல்லை, ஆகவே மடுல்சீமைக் கற்கள் பிறந்த இடத்திலேயே கிடக்கின்றன, எங்கிருந்தும் ஏறி வரவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு பிழையுமில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.