மூன்று கிராம்

மார்ச் 4

என் அக்கா பெற்ற அறிவுச் சுடரே,

இப்போது நான் எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். ஐந்து மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது கிழிப்பதற்காகக் கையில் எடுப்பாய்.

நேற்று நீ விண்ணப்பித்திருக்கும் ஆய்வுக்கூடத்தின் மேலாளர் அம்மா போன் செய்தார். “உங்க தராசு ரிப்பேர் கடையில எட்டு மாசம் வேலை பார்த்ததா எழுதியிருக்காங்களே, பொண்ணு எப்படி?” என்றார். விடுவேனா? மூன்று மணி நேரம் பேசினேன். தொட்டிலிலேயே நீ பால்புட்டியைத் தூக்கிப் பார்த்து, அளவு குறைகிறதென்று அழுததைச் சொன்னேன். ஓர் எறும்பை மூச்சு இழுக்குமுன் ஒருமுறை, இழுத்தபின் ஒருமுறை நீ எடைபோட்டதைச் சொன்னேன். அந்த அம்மா கண்கலங்கி ஆய்வுக்கூடத்தையே உன் பேருக்கு எழுதித்தருவதாகச் சொன்னார். எத்தனை மாடி என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு முதுகுவலி தேவலை. நான் விசாரித்தால் மட்டும் வலிக்கிறதாம்.

இப்படிக்கு,
தராசுகளின் சக்கரவர்த்தி,
உன் மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். படித்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படிப்பு முடித்து இரண்டு வருஷம். அறுபத்தேழு விண்ணப்பம். நேர்முகத் தேர்வைத் தாண்டி, பழைய முதலாளியிடம் விசாரிக்க வேண்டும் என்று எண் கேட்ட ஒரே இடம் இது. எனக்கு வாய்த்த ஒரே முதலாளி நீங்கள்தான், வேறு யார் எண்ணைக் கொடுப்பேன்? அவர்களிடம் போய் எறும்புக் கதையா சொன்னீர்கள்? அறைத்தோழி கட்டிலில் புரண்டு சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் கடையை விட்டேன் என்றும் கேட்டிருப்பார்கள். உங்கள் ஐந்து கிலோ எடைக்கல் மூன்று கிராம் குறைகிறது என்று, இரண்டு கிலோக் கல் இரண்டையும் ஒரு கிலோக் கல் ஒன்றையும் எதிர்த்தட்டில் வைத்துக் காட்டினேன். “முப்பது வருஷக் கை இது. எனக்கே பாடம் எடுக்கறியா? போடி வெளியில” என்றீர்கள், வாடிக்கையாளர்கள் எதிரிலேயே. திமிர் பிடித்தவள் என்று அங்கேயும் சொல்லியிருந்தால் இந்த வேலையும் போச்சு.

என்ன சொன்னீர்கள்? உள்ளது உள்ளபடி, ஒரே வரி எழுதுங்கள், போதும்.

குட்டி


மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் போடாமல் இருக்க உங்களால் முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டின் கை விரல்நுனி வரை தொங்குகிறது. மடித்து ஊக்கு குத்தியிருக்கிறேன்.

மேலாளர் இன்று சொன்னார்: “உங்க பழைய முதலாளி அதிகம் பேசாத மனுஷரா? நாலே நிமிஷத்துல போனை வெச்சிட்டாரே. ‘என் எடைக்கல் குறையுதுன்னு சொன்னா. கத்தித் துரத்திட்டேன். அப்புறம் சோதிச்சேன். அவ சொன்னதுதான் சரி’ன்னார். அதுக்கு மேல நாங்க எதுவும் கேக்கல.”

எப்போது சோதித்தீர்கள் மாமா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

குட்டி


மார்ச் 26

ஆய்வுக்கூடத்தின் அதிபதியே,

செய்தி வந்ததும் எங்கள் தெருவில் விளக்குகள் பட்டப்பகலில் தானாக எரிந்தன.

நீ படியிறங்கிய மறுநாளே சோதித்தேன். நான்கு குதிரை பூட்டிய தேரில் அந்தக் கல்லை ஏற்றி, எடைகளுக்கு முத்திரை போடும் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வைத்துப் பார்த்துவிட்டு என் தோளில் சாய்ந்து தேம்பினார். மூன்று கிராம் குறைவு. அந்தக் கல்லை வைத்துச் சரிபார்த்த பதினொரு கடைத் தராசுகளையும் ஒரே நாளில், ஒற்றைக் காலில் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு திருத்தினேன். கடைசியாகப் போன மளிகைக்கடையில், “யாருங்க கண்டுபிடிச்சது?” என்று கேட்டார்கள். “என் அக்கா மக. நான்தான் தப்பா கத்திட்டேன்” என்றேன்.

இதை உன்னிடம் சொல்ல ஐந்து மாதமாக எத்தனையோ கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் நானே ஜெயித்துவிடுகிறேன். அதனால் தபாலில் சேர்க்கவில்லை.

தேர் பொய், அதிகாரியின் கண்ணீர் பொய். திருத்தி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று, இரண்டு காலும் வீங்கிவிட்டது. மளிகைக்கடையில் சொன்னது மட்டும் நிஜம். அப்போது கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

உன் மாமா