ஊழியுள்ள காலமெல்லாம்

கார்த்திகை 10, திங்கள்

விடியமுதல் மழை. காலை 6.40க்கு, இரண்டு தேநீரும் நீண்ட ஆலோசனையும் முடிந்தபின், 'ஊழி' என்ற சொல்லைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு மாற்றுவதெனத் தீர்மானித்தேன். முப்பது வருட வழக்கம் இத்துடன் முடிகிறது. சாட்சி: பூனை.

மனோ போய் இருபத்தாறு நாள். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் கல்வெட்டு என்கிற நினைவுப் பாட்டுப் புத்தகம் எழுதியவன் பெண்சாதிக்கு எழுதாமல் விட முடியாது. முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் புத்தகம் இருக்கவேண்டும். வியாழன் அச்சுக்கு.

எழுதியது: முதல் வரி. வெட்டியது: முதல் வரி.

11, செவ்வாய்

மழை விட்டது. பாட்டு வரவில்லை. சாக்குக்குப் பழைய நூல்களைப் புரட்டினேன்.

ஊழி என்றால் முடிவில்லாதது என்று ஊருக்குச் சொல்லி வந்தேன். பழைய புலவர்களுக்கு அது முடியும். கடல் பொங்கும், எல்லாம் போகும், பிறகு அடுத்த ஊழி. அதனால்தான் அரசனைப் பல ஊழி வாழச் சொல்லி வாழ்த்தினார்கள். ஒன்று போதாது.

சண்டையில் ஊரே இடம்பெயர்ந்த அன்று, பாலத்தில், அடியெடுத்து வைக்க இடமில்லாமல் மழையில் நின்றபோது மனோ கேட்டது: "இஞ்சாருங்கோ, நீங்கள் எழுதிற ஊழி இவ்வளவு நேரமோ, இன்னும் கூடவோ?" தலையில் மூட்டையோடு பக்கத்தில் நின்ற மனிசி சிரித்தா. எனக்குக் கோபம்.

இன்று சிரித்தேன். தனிய.

13, வியாழன்

பருத்தித்துறை பஸ். நிற்க மட்டும் இடம். இதுவரை அச்சகத்துக்கு நான் போனதில்லை. எழுதியதைச் செத்தவீட்டாருக்கு வாசித்துக் காட்டி, அழவைத்துவிட்டு, மனோவிடம் கொடுப்பேன். சந்தைக்குப் போகிற வழியில் அவள் கொடுப்பாள், மெய்ப்பும் அவளே பார்ப்பாள்.

பாட்டு ஒருவாறு முடிந்தது. சொல் பழைய இடத்துக்கே திரும்பியது: 'ஊழியுள்ள காலமெல்லாம்.'

அச்சகக்காரத் தவம் வாசித்தான். "இதென்ன மாஸ்டர், புதுசாய் ஊழி எண்டு போட்டிருக்கிறியள்?"

"எல்லாத்திலையும் அதுதானே."

"ஒண்டிலையும் இல்லை. 'நாங்களுள்ள காலமெல்லாம்' எண்டெல்லோ நாங்கள் அடிக்கிறது."

பழைய கல்வெட்டுகளைக் கட்டோடு எடுத்துப் போட்டான். பதினொன்று பார்த்தேன். பதினொன்றிலும் அப்படி. ஒரு மெய்ப்புத் தாளும் கிடந்தது. ஊழிக்கு மேல் கோடு. மனோவின் பென்சில்.

"மாஸ்டர்தான் மாத்தச் சொன்னவர் எண்டு அக்கா சொன்னவ."

அச்சானதை நான் திறந்ததில்லை, எழுதியவனுக்குத் தெரியாததா என்று. மற்றவர்கள் படத்தையும், வம்சாவளியில் தங்கள் பெயரையும் பார்த்துவிட்டு மூடுவார்கள். சீர் கெடவில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன், வெட்கக்கேடு.

தவத்திடம் பென்சில் வாங்கினேன். 'ஊழியுள்ள' வெட்டி, 'நானிருக்கும்'.

"இது மனோ அக்காவுக்கு மட்டுமோ?"

"ஓம்."

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. இறங்க மறந்து அடுத்த தரிப்பிடத்தில் இறங்கினேன்.

15, சனி

அந்தியேட்டி. நல்ல வெயில். எட்டுக் கறி. ஐயர் பிந்தி வந்தார்.

மனோவின் தம்பி, என் மச்சான், புத்தகத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டான். பந்தலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்:

"என்ன அத்தான் இது? ஊர்ச்சனத்துக்கெல்லாம் ஊழி ஊழியாய் எழுதினியள். எங்கடை அக்காவுக்கு மட்டும் உங்கடை சீவன் கிடக்குமட்டுமோ? நீங்கள் பிறசர் குளிசை போடுற ஆள்!"

சனம் திரும்பிப் பார்த்தது. ஊர்ச்சனம் ஒருவருக்கும் ஊழி கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அது மனோவுக்கும் தவத்துக்கும் எனக்கும்.

"அவ்வளவுதான் தம்பி என்னாலை ஏலும்," என்றேன்.

அவன் சாப்பிடாமல் போனான். பிறகு வந்து சாப்பிட்டான்.

பின்னேரம் கேள்விப்பட்டது: அடுத்த ஒழுங்கையில் செத்தவீட்டுக்காரர் தங்கள் ஐயாவின் கல்வெட்டுக்கு வேறு ஆள் பிடித்துவிட்டார்கள்.